எல்லையம்மனுக்குப் பணியிட மாற்றம்

எங்கள் தெரு சாமி சர்வே டிபார்ட்மெண்டில் வேலை பார்த்தவள். இதை நான் வேலை செய்யும் படூர்க் கல்லூரியின் ஆசிரியர்கள் அறையில் சொன்னால் சிரிப்பார்கள். எங்கள் தெருவில் சொன்னால் உதைப்பார்கள். ஆகவே இரண்டு இடத்திலும் வாயை மூடிக்கொண்டு இங்கே எழுதுகிறேன்.

திருப்போரூரிலிருந்து உள்ளே பிரியும் ரோட்டில் ஏரிக்கரையைத் தாண்டினால் ஊர். ஊரைத் தாண்டினால் நாங்கள். ஊருக்கு ஊர் என்றே பெயர். எங்களுக்குக் காலனி என்று பெயர். வெள்ளைக்காரன் தன் காலனிகளை விட்டுவிட்டுப் போய்விட்டதாகப் பாடப்புத்தகத்தில் இருக்கிறது. எங்களுடையதை மறந்துவிட்டான் போலிருக்கிறது. காலனிக்குக் கிழக்கே என் அம்மாவின் நிலம். அந்த நிலத்தின் மூலையில், வண்டிப்பாதையை ஒட்டித்தான் முதலில் அந்தக் கல் இருந்தது.

ஒரு முழ உயரக் கருங்கல். நாலு பக்கமும் உளியால் கொத்தி, தலையில் ஒரு கூட்டல் குறி வெட்டியிருக்கும். வெள்ளைக்காரன் காலத்தில் சங்கிலி பிடித்து நிலத்தை அளந்தவர்கள், இந்த வயல் இங்கே முடிகிறது என்று சொல்வதற்காக நட்டது. நட்டவர்கள் குதிரை ஏறிப் போய்விட்டார்கள். கல் அங்கேயே நின்றது. வெயில், மழை, புயல் எதற்கும் லீவு போடாமல், யாரிடமும் கை நீட்டாமல், சொன்ன இடத்தில் நிற்கும் ஓர் அரசு ஊழியரை எங்கள் ஜனங்கள் அதற்கு முன் பார்த்ததில்லை. கும்பிட ஆரம்பித்துவிட்டார்கள்.

யார் முதலில் மஞ்சள் பூசினார்கள் என்று தெரியாது. எனக்கு நினைவு தெரிந்தபோது அவளுக்கு எல்லையம்மன் என்று பெயர் வந்துவிட்டது. கூட்டல் குறியை நிரப்பிக் குங்குமம் வைப்பார்கள். என் மாமாவின் மனைவி கல்யாணத்துக்கு முன் சர்ச்சுக்குப் போய்க்கொண்டிருந்தவர், இப்போதும் போகிறவர். அவருக்கு அந்தக் குறி சிலுவையாகத் தெரிந்தது. கடந்து போகும்போது நெற்றியையும் மார்பையும் தொட்டுக்கொள்வார். மாமா பூசாரி. மற்ற நாளில் ஷேர் ஆட்டோ ஓட்டுவார். இருவருக்கும் இதில் சண்டை வந்ததே இல்லை. அரசாங்கம் மதச்சார்பற்றது என்று நான் வகுப்பில் சொல்லும்போதெல்லாம் அந்தக் கல்தான் என் நினைவுக்கு வரும்.

நான் கல்லூரியில் நடத்துவது பொது நிர்வாகம். அதில் காலனி ஆட்சிக் காலத்து நிர்வாகச் சீர்திருத்தங்கள் என்று ஒரு பகுதி உண்டு. மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு வரும் வகுப்பு அது. பிள்ளைகள் கண்ணைத் திறந்தபடியே தூங்குவார்கள். அந்தக் காலத்துச் செங்கல்பட்டுக் கலெக்டர் ஒருவர் எங்கள் ஜனங்களைப் பற்றி மேலிடத்துக்கு விரிவாக எழுதினார். இவர்களுக்கு நிலமில்லை, குடியிருக்கும் குடிசையின் மண்கூடச் சொந்தமில்லை, உழுகிறவனுக்கு உழுகிற மண் வேண்டும் என்று. மேலிடம் அதை மிகுந்த அக்கறையோடு பரிசீலித்தது. நிலம் கொடுக்கலாமா என்று கேட்க வேண்டியவர்களிடம் கேட்டது. யாரிடம் கேட்டது என்றால், எங்களுக்கு நிலம் வந்துவிட்டால் யாருக்கு வேலைக்கு ஆள் கிடைக்காதோ, அவர்களிடம். பூனையைக் கூப்பிட்டுப் பால் எங்கே வைக்கலாம் என்று கருத்துக் கேட்டால் என்ன பதில் வருமோ அது வந்தது.

எப்படியோ தட்டுத் தடுமாறிச் சில காலம் கழித்துக் கொஞ்சம் நிலம் வந்தது. பஞ்சமி நிலம் என்று அதற்குப் பெயர். நிபந்தனையோடு வந்தது. எங்களைப் போன்றவர்களைத் தவிர வேறு யாருக்கும் விற்கக் கூடாது என்று நிபந்தனை. நல்ல நிபந்தனைதான். ஆனால் சுற்று வட்டாரத்தில் இன்று போய்ப் பார்த்தால் நிலமெல்லாம் கை மாறியிருக்கிறது, நிபந்தனை மட்டும் எங்களிடமே இருக்கிறது. அம்மாவுடையது கை மாறாமல் தப்பியது, யாரும் கேட்டு வராத மேட்டு நிலம் என்பதால். வேர்க்கடலை போடுவோம், கொஞ்சம் கத்தரி, அவரை. இதற்கெல்லாம் தண்ணீர், கல் இருந்த அந்த மூலையில் இருக்கும் கிணற்றிலிருந்து.

அந்தக் கிணற்றைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் இந்தக் கதையே அதற்காகத்தான். அம்மா சின்னப் பெண்ணாக இருந்தபோது ஊர்க் கிணற்றில் இறைக்க முடியாது. குடத்தைத் தள்ளி வைத்துவிட்டு நிற்க வேண்டும். யாராவது மனம் வைத்தால் மேலிருந்து ஊற்றுவார்கள். வரப்பில் நடந்து வரும்போது எதிரே ஊர்க்காரர் யாராவது வந்தால் சேற்றில் இறங்கி நின்று வழி விட வேண்டும். சேற்றில் இறங்கியதுகூட அம்மாவுக்குப் பெரிதாகத் தெரியவில்லையாம். ஊற்றுகிறவர் பாதிக் குடத்தோடு நிறுத்திவிட்டுப் பேசப் போய்விடுவாராம், அதுதான் பொறுக்கவில்லையாம். கல்யாணமானதும் அப்பாவிடம் கேட்ட ஒரே ஒரு பொருள் கிணறு. பகலில் அடுத்தவர் வயலில் வேலை செய்துவிட்டு, சாயங்காலம் இருவரும் தங்கள் நிலத்தில் வெட்டினார்கள். அப்பா போய்விட்டார். கிணறு இருக்கிறது. படூரில் என் ஃப்ளாட்டில் குழாயைத் திறந்தால் தண்ணீர் கொட்டும், அம்மா, வந்து இரு என்று கூப்பிட்டால், "அது எவன் ஊத்துற தண்ணியோ" என்பார்.

பிறகு ஓ.எம்.ஆர். சாலை எங்களைத் தேடி வந்தது. வண்டிப்பாதைக்கு அந்தப் பக்கம் இருந்த கரம்பையெல்லாம் ஒரு ரியல் எஸ்டேட் கம்பெனி வாங்கி, ஜே.சி.பி. விட்டு மட்டப்படுத்தி, கலர் கலராகக் கொடி நட்டது. வண்டிப்பாதையைக் காணோம். யாரும் அதைத் திருடவில்லை, மட்டப்படுத்தினார்கள், அவ்வளவுதான். ஒரு நாள் அம்மா கடலைக்குத் தண்ணீர் பாய்ச்சப் போனபோது கிணற்றுக்கு இந்தப் பக்கம், எங்கள் நிலத்துக்குள், ஒரு சிவப்புக் கொடி பறந்துகொண்டிருந்தது. கம்பெனியின் சைட் மேனேஜர் கூலிங் கிளாசைக் கழற்றாமல் விளக்கம் சொன்னார்.

"எங்க டிராயிங்ல இப்டித்தான்மா கீது. காம்பவுண்டு செவுரு இந்த லைன்லதான் வரும்."

"கெணறு என்னுதாச்சே நைனா."

"கெணறு உங்குளுதுதாம்மா, யார் இல்லன்னா? எடம்தான் எங்குளுது."

அம்மா எனக்குப் போன் செய்தார். நான் படித்தவள் அல்லவா, உடனே கம்ப்யூட்டரைத் திறந்தேன். இப்போதெல்லாம் நிர்வாகம் முழுக்கச் சீர்திருந்திவிட்டது. யாரையும் பார்க்க வேண்டாம், எங்கும் நிற்க வேண்டாம், வீட்டிலிருந்தபடியே நிராகரிக்கப்படலாம். நிலத்தை அளந்து எல்லை காட்டும்படி விண்ணப்பித்தேன். சில வாரம் கழித்து மெசேஜ் வந்தது. புலத்தில் எல்லைக்கல் காணப்படவில்லை, மனு தள்ளுபடி. எல்லை தெரியாததால்தான் மனுவே போட்டோம். எல்லை தெரிந்தால்தான் மனுவை ஏற்பார்களாம். மறுபடி போட்டேன். மறுபடியும் அதே மெசேஜ், அதே வார்த்தைகள்.

"இன்னாத்துக்குடி அதுல போட்டுகினே கீற? அதுக்கு மூஞ்சி கீதா? மூஞ்சி கீற ஆளாண்ட போய் கேப்போம், வா" என்றார் அம்மா. ஜமாபந்தி வந்துகொண்டிருந்தது.

ஜமாபந்தி தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். வருடத்துக்கு ஒரு முறை, கத்திரி வெயிலில், தாலுகா ஆபீசில் பெரிய அதிகாரி ஒருவர் வந்து உட்கார்ந்து கிராமக் கணக்குகளைச் சரிபார்ப்பார். ஜனங்கள் வரிசையில் நின்று மனு கொடுப்பார்கள். வெள்ளைக்காரன் தன் வரி சரியாக வசூலாகிறதா என்று பார்ப்பதற்காக நடத்தியது. நிலவரி இப்போது ஒரு டீக்காசுக்கும் தேறாது. ஆனாலும் ஷாமியானா போடுகிறார்கள், நாற்காலிக்கு வெள்ளைத் துணி போர்த்துகிறார்கள், நாற்காலிக்குப் பின்னால் சிவப்புப் பட்டையும் பித்தளை வில்லையுமாக டவாலிச் சேவகர் நிற்கிறார். அவருடைய உடுப்பில் ஒரு பித்தானைக்கூட நம் சுதந்திரம் மாற்றவில்லை.

அம்மா பொங்கல் புடவை கட்டிக்கொண்டு வந்திருந்தார். எங்கள் முறை வருவதற்குள் ஒரு சடங்கு நடந்தது. நிலம் அளக்கும் இரும்புச் சங்கிலியைக் கொண்டுவந்து தரையில் நீளமாக விரித்தார்கள். அதிகாரி எழுந்து வந்து அதை இந்த முனையிலிருந்து அந்த முனைவரை பார்வையிட்டார். தலையசைத்தார். போட்டோ எடுத்தார்கள். சங்கிலியைச் சுருட்டி எடுத்துக்கொண்டு போனார்கள். நிலத்தை இப்போது சாட்டிலைட் வைத்துத்தான் அளக்கிறார்கள், அந்தச் சங்கிலியை யாரும் வயலுக்குக் கொண்டுபோவதில்லை. ஆனால் அது நலமாக இருக்கிறதா என்று வருடா வருடம் வந்து விசாரிக்கிறார்கள். என் மாணவர்களைக் கூட்டி வந்திருந்தால் அந்தப் பகுதியை நான் நடத்தவே தேவையிருந்திருக்காது.

"இத்த வச்சிதான அளந்தாங்கோ. அப்ப இதுக்குத் தெரியும்" என்றார் அம்மா, சங்கிலி போன திசையைப் பார்த்து.

அதிகாரி முன்னால் போய் நின்றதும் நான் தயார் செய்திருந்த பேச்சை ஆரம்பிக்கப் பார்த்தேன். அம்மா என் கையைத் தட்டிவிட்டார்.

"ஐயா, கெணறு நானும் எங்க வூட்டுக்காரும் வெட்னது. செவுரு அவங்க கட்டப் போறது. செவுரு வந்து கெணத்த அந்தாண்ட வச்சிகினு பூடும். வந்து அளந்து சொல்லுங்கோ. எங்குளுதுன்னா எங்குளுது, அவங்குளுதுன்னா அவங்குளுது."

அதிகாரி நல்லவர்தான். முழுதாகக் கேட்டார். சர்வேயரை அனுப்பச் சொல்லி எழுதினார். நாலு வரியில் அம்மா வாங்கியதை நான் நாலு மாதமாகக் கம்ப்யூட்டரிடம் கெஞ்சிக்கொண்டிருந்தேன்.

ஆனி கடைசியில் சர்வேயர் வந்தார். மதுராந்தகம் பக்கத்துப் பையன், வேலைக்குச் சேர்ந்து அதிக நாள் ஆகவில்லை என்று முகம் சொன்னது. கையில் நீளக் கம்பு, கம்பின் தலையில் வெள்ளைக் கிண்ணம் கவிழ்த்ததுபோல ஒரு கருவி. சைட் மேனேஜரும் டிராயிங்கோடு வந்துவிட்டார். மாமா ஆட்டோவைப் போட்டுவிட்டு வந்து நின்றார்.

"மூலைக் கல்லு எங்கம்மா?" என்று கேட்டார் சர்வேயர்.

அம்மா கோயிலைக் காட்டினார். கிணற்றுக்கு மேற்கே, வேப்ப மரத்தடியில், தகரக் கூரையும் கிரில் கேட்டும் போட்ட சின்னக் கோயில். உள்ளே எல்லையம்மன் பாவாடை கட்டி, வெள்ளிக் கண் வைத்து உட்கார்ந்திருந்தாள். முன்பு பார்க்க வந்தவர்களுக்குக் கல் ஏன் காணப்படவில்லை என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது. பாவாடை கட்டிய ஊழியரை யாரும் அடையாளம் கண்டுகொள்ளவில்லை.

மாமா கேட்டின் குறுக்கே நின்றுவிட்டார். "இன்னா யக்கா, சாமியப் போயி கல்லுன்ற? வருசா வருசம் ஆடிக்குக் கூழு ஊத்தறோம், நாலு தெரு ஜனம் வந்து கும்புட்டுகினு கீது. நாளைக்கி எவன் வருவான் இங்க?"

அம்மா அவரை ஒதுக்கிவிட்டு உள்ளே போய், முந்தானையால் சாமியின் தலையைத் துடைத்தார். தலைமுறை தலைமுறையாகப் படிந்த குங்குமம் லேசில் வரவில்லை. எண்ணெய் போட்டுத் தேய்த்தார். கூட்டல் குறி வெளியே வந்தது.

அதைப் பார்த்ததும் மாறியவர் சைட் மேனேஜர். அதுவரை கல்லே கிடையாது, டிராயிங்தான் உண்டு என்றவர், கூலிங் கிளாசைக் கழற்றினார். செருப்பையும் கழற்றினார். உள்ளே போய்க் கன்னத்தில் போட்டுக்கொண்டார். "சார், கவர்மெண்டு கல்லு சார் இது. கல்லு எங்க கீதோ அதான் எல்லை. நாங்க கவர்மெண்ட மீற மாட்டோம்" என்றார். கல் இருந்த இடம் அவர் கொடி நட்ட இடத்தைவிட இன்னும் எங்கள் நிலத்துக்கு உள்ளே இருந்தது. அதை எல்லையென்று வைத்தால் கிணறு போவதோடு கத்தரிப் பாத்தியும் போகும். பக்தி சும்மா வருமா.

அப்போதுதான் மாமாவின் முகத்தைப் பார்த்தேன். அம்மாவும் பார்த்தார். காலனியில் எல்லாருக்கும் தெரிந்த விஷயம், சர்வேயருக்கும் மேனேஜருக்கும் மட்டும் தெரியாதது ஒன்று இருந்தது. நான் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தபோது, ஏரியில் சவுட்டு மண் அள்ளும் லாரிகள் வண்டிப்பாதையில் ஓடின. ஒரு லாரி எல்லையம்மன்மேல் உரசிவிட்டுப் போனது. சாமிக்கு அடிபட்டுவிடும் என்று மாமா தலைமையில் தெருவே கூடி, பம்பை உடுக்கையோடு, அவளைத் தோண்டி எடுத்துக் கிணற்றைத் தாண்டிக் கொண்டுவந்து வேப்ப மர நிழலில் வைத்தது. அம்மா முன்னால் மஞ்சள் தண்ணீர் தெளித்துக்கொண்டு போனார். நான் ஆரத்தித் தட்டு பிடித்தேன். வரப்பை ஒரு சாண் தள்ளிப் போட்டதற்காக அண்ணன் தம்பி வெட்டிக்கொள்ளும் ஊரில், நாங்கள் எங்கள் எல்லையை மேளதாளத்தோடு எங்கள் நிலத்துக்கு உள்ளேயே தூக்கி வந்திருக்கிறோம். லாரிக்காரன் நன்றாக இருக்கட்டும் என்று.

சர்வேயர் கல்லையும் படத்தையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, எங்கேயோ இடிக்கிறது என்றார். பக்கத்துக் கல் ஏதாவது இருந்தால் அதிலிருந்து அளந்து பார்க்கலாம். தெற்கு மூலைக் கல் ஏரியில் துணி துவைக்கும் கல்லாக இருக்கிறது. இன்னொன்று ஊருக்குள் ஒரு வீட்டு வாசற்படி. கம்பெனிப் பக்கத்துக் கற்கள் மட்டப்படுத்தப்பட்டன. ஏரிக்கரைமேல் மட்டும் ஒன்று நட்ட இடத்தில் நின்றது. ஏரியை இன்னும் யாரும் ப்ளாட் போடவில்லை.

அங்கிருந்து கம்பைத் தூக்கிக்கொண்டு பையன் நடந்து வந்தார். கருவியைப் பார்த்தபடியே கோயிலைத் தாண்டினார். கிணற்றையும் தாண்டினார். பழைய வண்டிப்பாதை ஓரத்தில் வந்து நின்று கம்பை ஊன்றினார். ஊன்றிய இடத்தில் மண் மட்டும் கறுத்து இறுகிக் கிடந்தது. பழைய இடத்துக் கோபம் வேண்டாம் என்று ஒவ்வொரு ஆடியிலும் முதல் அகப்பைக் கூழை அவள் முன்பு நின்ற இடத்தில் ஊற்றிவிட்டுத்தான் கோயிலுக்கு ஊற்றுவோம்.

"மூலை இங்கதாம்மா. கெணறு உங்குளுதுதான்" என்றார் சர்வேயர்.

மேனேஜர் விடவில்லை. "மிஷின் தப்புக் காட்டும் சார். சட்டப்படி கல்லுதான் எல்லை. கல்லு அங்க கீதே." அதில் பாதி உண்மை இருந்தது போல. சர்வேயர் தலையைச் சொறிந்தார். "கல்ல யார் நகத்துனது? சர்வே கல்ல நகத்துறது குத்தம், தெரியுமா?"

மாமா ஓரடி முன்னால் வந்தார். சாமியைக் காப்பாற்றியதற்காக ஜெயிலுக்குப் போவதை அவர் நினைத்துப் பார்த்ததில்லை. வாயைத் திறக்கப் போனார். அம்மா முந்திக்கொண்டார்.

"அவளேதான் நைனா வந்தா."

"யாரு?"

"எல்லையம்மா. லாரி வந்துகினே இருந்துச்சி. அவளும் எத்தினி நாளு தாங்குவா? பொம்பள தனியா நிக்கறா. எயுந்து வந்துட்டா."

பையன் அம்மாவைப் பார்த்தார், எங்கள் எல்லாரையும் பார்த்தார். சிரிப்பை அடக்கிக்கொண்டு, "இயற்கைச் சீற்றத்தால் கல் இடம்பெயர்ந்தது" என்று சொல்லிக்கொண்டே எழுதினார். நான் பாடம் நடத்தும், நூறு வருடத்துக்கு மேற்பட்ட அந்த நிர்வாகத்தில், நான் நேரில் பார்த்த ஒரே சீர்திருத்தம் அதுதான்.

ஆனால் ஒரு சிக்கல். எல்லை முடிவானதாக எழுத மூலையில் கல் நிற்க வேண்டும். கல்லோடு போட்டோ எடுக்க வேண்டும். புதுக் கல் வேண்டுமென்றால் ஆபீசில் ஸ்டாக் இல்லை, எப்போது வரும் என்று தெரியாது. சுவருக்கு ஹாலோ பிளாக் வந்து இறங்கிவிட்டது. இருக்கிற கல்லையே எடுத்து நட்டால் இன்றைக்கே முடியும், அடுத்த புலத்துக்கு மதியமே போக வேண்டும் என்றார்.

மாமா அழுதே விட்டார். "நாளு பாக்காம, கெழம பாக்காம, ஒரு சூடம்கூட கொளுத்தாம சாமியப் புடுங்குறதா? இந்தப் பாவத்த நான் பண்ண மாட்டேன் யக்கா. கெணறு போனா போவுது, வேற வெட்டிக்கலாம்."

"நீ வெட்னியா?" என்றார் அம்மா. அவ்வளவுதான் கேட்டார்.

பிறகு கடப்பாரையை எடுத்துக்கொண்டு உள்ளே போனார். பாவாடையை அவிழ்த்து மடித்து வைத்தார். வெள்ளிக் கண்ணை எடுத்து முந்தானையில் முடிந்தார். கல்லின் அடியில் கடப்பாரையைக் கொடுத்துவிட்டு, "எயுந்து வாம்மா. நெயல்ல குந்திகினு இருந்தது போதும். வேல கீது" என்றார். சாமி இருக்கிறதா என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. அம்மா இருக்கிறார் என்பது அன்று தெரிந்தது.

கடைசியில் மாமாவும்தான் தூக்கினார். சிமெண்ட் சாக்கில் வைத்து நாலு பேர் தூக்கி வந்து பழைய இடத்தில் நட்டோம். சர்வேயர் போட்டோ எடுத்துக்கொண்டு போனார். எனக்கு மெசேஜ் வந்தது, மனு மீதான நடவடிக்கை முடிக்கப்பட்டது என்று. என்ன முடிந்தது, யாருக்குச் சாதகம் என்பதெல்லாம் அதில் இல்லை. மேனேஜர் போகும்போது, "கல்லுதானம்மா, பாத்துக்கலாம்" என்றார். அதை அவர் மரியாதையாகத்தான் சொன்னார். சுற்று வட்டாரத்தில் எத்தனை கற்கள் பார்த்துக்கொள்ளப்பட்டன என்று எங்களுக்குத் தெரியும். ஜே.சி.பி. ஓட்டுகிறவருக்குச் சர்வே சட்டம் தெரியாது.

அம்மா மறுநாள் காலையிலேயே போய் அவளுக்கு மஞ்சள் பூசினார். குங்குமம் வைத்தார். பாவாடை கட்டினார், வெள்ளிக் கண்ணை ஒட்டினார், பக்கத்தில் சூலத்தை நட்டு எலுமிச்சம் பழம் குத்தினார். கூரை மட்டும் இல்லை. ஆடி முதல் ஞாயிறு கூழ் வார்த்தபோது, முதல் அகப்பை பழைய இடத்துக்கு என்பது முறையாதலால், காலியாகக் கிடந்த கோயிலுக்குள் மாமா முதலில் ஊற்றினார். முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டுதான் ஊற்றினார்.

அதே வாரத்தில் சுவர் வேலை ஆரம்பித்தது. கொத்தனார்கள் வடக்கேயிருந்து வந்தவர்கள், ஒருவருக்கும் தமிழ் தெரியாது. நான் லீவு போட்டுவிட்டு வந்து அம்மாவோடு கிணற்று மேட்டில் உட்கார்ந்திருந்தேன். மேனேஜர் கொடுத்த கணக்குப்படி நூல் நேராகக் கல்லை நோக்கி வந்துகொண்டிருந்தது. இடிப்பார்களா, மேலேயே கட்டிவிடுவார்களா என்று அம்மா பார்த்துக்கொண்டிருந்தார். கையில் கடப்பாரை இருந்தது.

வயதான கொத்தனார் ஒருவர் நூலைப் பிடித்துக்கொண்டு எல்லையம்மன் அருகே வந்து நின்றார். மஞ்சளைப் பார்த்தார், சூலத்தைப் பார்த்தார். செருப்பைக் கழற்றித் தள்ளி வைத்தார். தரையைத் தொட்டு நெற்றியில் வைத்துக்கொண்டு, அவர் மொழியில் ஏதோ முணுமுணுத்தார். பிறகு முளைக்குச்சியைப் பிடுங்கினார். பின்னால் நடந்தார். தங்கள் பக்கம், கம்பெனி நிலத்துக்குள், ஓர் ஆள் அம்மனைச் சுற்றி வரும் அளவுக்கு இடம் விட்டு, அங்கே குச்சியை அடித்தார். நூல் வளைந்தது. நூல் போன வழியே சுவரும் வளைந்து எழும்பியது.

மேனேஜர் சாயங்காலம் வந்து கத்தினார். இடிக்கச் சொன்னார். கொத்தனார்கள் புரியாத மொழியில் புரியும்படி மறுத்தார்கள். பிறகு மேனேஜர் கொஞ்சம் யோசித்து, செல்போனில் அந்த வளைவைப் போட்டோ எடுத்தார். அடுத்த மாத நோட்டீசில் அது வந்துவிட்டது, மனையை ஒட்டியே சக்தி வாய்ந்த அம்மன் என்று. வெள்ளைக்காரக் கலெக்டர் எழுதி எழுதிக் கேட்டும் பிசிறு பிசிறாகத்தான் கிடைத்த மண்ணில், ஒரு ரியல் எஸ்டேட் கம்பெனி எங்களுக்கு உபரியாக இடம் கொடுத்து அதற்கு விளம்பரமும் செய்தது.

நோட்டீஸ் வந்தது பிறகுதான்; சுவர் வளைந்த அன்று, மேனேஜர் போட்டோ எடுத்ததைச் சொல்லிச் சிரிக்கலாம் என்று நான் அம்மா பக்கம் திரும்பினேன். அம்மா அழுதுகொண்டிருந்தார். அப்பா போனபோதும் சத்தம் போட்டு அழாதவர், கிணற்று மேட்டில் உட்கார்ந்து, அந்த வளைந்த சுவரைப் பார்த்து அழுதார்.

"நமக்கோசரம் ஒதுங்கிப் போறான் பாருடி" என்றார். "எவனும் ஒதுங்கனதே இல்லடி. நாமதான் எறங்கி நின்னோம்."

அந்த மனுஷன் ஒதுங்கியது சாமிக்காக, நமக்காக இல்லை என்று எனக்கு நன்றாகத் தெரியும். வகுப்பில் ஒரு மாணவி இப்படி எழுதியிருந்தால் சிவப்பு மையால் சுழித்துத் திருத்தியிருப்பேன். அம்மாவிடம் நான் அதைச் சொல்லவில்லை. கிணற்றில் ஒரு குடம் இறைத்து, விளிம்பு வரை நிரப்பி, அவர் பக்கத்தில் வைத்தேன்.